கோமளா சித்தி மாடியை விட்டு இறங்கிய விதம்

நாலு மணி டீக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடந்தது, கோமளா சித்தி இன்னும் மொட்டை மாடியிலேயே நின்றுகொண்டிருந்தாள். செல்வநாயகி ஒரு வெள்ளைப் பனியனை எடுத்து மேசையில் விரித்தாள், கழுத்துப் பட்டியைப் பார்த்தாள், தோள் தையலைப் பார்த்தாள், உள்ளே கையை விட்டுக் குழல் விளக்குக்கு நேராகப் பிடித்து எங்காவது ஓட்டை தெரிகிறதா என்று பார்த்தாள், இல்லை, வலது பக்கம் போட்டாள். அடுத்தது. கழுத்து, தோள், கை, ஓரம். பத்து வருஷமாகத் திருப்பூரில் செக்கிங் வேலை, கண் தன்பாட்டில் பார்த்துக்கொள்ளும், மனசு எங்கே வேண்டுமானாலும் மேயலாம், அது ஒன்றுதான் இந்த வேலையில் ஆண்டவன் வைத்த சலுகை. இன்றைக்கு மனசு மேயவில்லை. மாடிப்படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. சித்தி மேலே போனது இருநூற்றுப் பதின்மூன்றாவது எபிசோடில். "மாடியில வத்தல் காயுது, எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். அவ்வளவுதான். இருநூற்றுப் பதினாலில் இல்லை, முந்நூறில் இல்லை, மூத்தவளுக்கு வளைகாப்பு நடந்தது, மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து போனது, வீடு இரண்டு தடவை ஏலத்துக்கு வந்து இரண்டு தடவையும் தப்பித்தது, சித்தி எங்கே என்று அந்த வீட்டில் ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. ‘கூடத்து விளக்கு’ சீரியல் இன்றைக்கு எட்டு மணியோடு முடிகிறது. ஆயிரத்து நூற்று எண்பத்தாறு எபிசோடு. வத்தல் இந்நேரம் மண்ணாகியிருக்கும்.

அடுத்தது. கழுத்து, தோள். இந்தக் கூடத்தில் நாற்பது பெண்கள் நின்றுகொண்டு பனியனைப் புரட்டுகிறார்கள், அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது, ஊதாப்பூ என்கிற பெயரில் கோமளா சித்தியின் கதையை எழுதுவது மூன்றாம் மேசையில் நிற்கிற செல்வநாயகிதான் என்று. சீரியல் ரசிகைகளுக்கென்று ஒரு தளம் இருக்கிறது. சீரியல்காரன் காட்டியது போதாமல் தாங்களே மேற்கொண்டு எழுதிக்கொள்கிறவர்கள் அங்கே கூடுவார்கள். எல்லாரும் கதாநாயகனையும் கதாநாயகியையும் பிடித்துக்கொண்டு, ஆதவனையும் யாழினியையும் ஆதயாழ் என்று ஒரே பேராகச் சேர்த்து ஒட்டி, சீரியலில் முறைத்துக்கொண்டு நிற்கிறவர்களை ஊட்டிக்கு அனுப்பி மழையில் நனையவிட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வநாயகி ஒருத்திதான் சித்தியை எடுத்தாள். யாருக்கும் வேண்டாத ஆள்தானே, கேட்பாரில்லை என்ற தைரியம். சித்தி தேனிக்குப் போய்ப் பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள், நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சாம்பார் வைத்தாள், வார்டனோடு சண்டை போட்டாள், நாற்பத்தைந்து வயதில் சைக்கிள் பழகி முட்டியைப் பேர்த்துக்கொண்டாள். நாற்பது எபி, அத்தியாயத்துக்கு அங்கே அதுதான் பேர், ஓடிவிட்டது. இரண்டாயிரத்து முந்நூறு பேர் படிக்கிறார்கள். எபி போடுங்க சிஸ், எபி போடுங்க சிஸ் என்று உயிரை எடுக்கிறார்கள். எல்லாம் சரி, மொதல் எபியிலிருந்தே ஒரு கேள்வி நிற்கிறது: மாடியிலிருந்து எப்படி இறங்கினாள்? ஒரே படிக்கட்டு, அது கூடத்தில்தான் வந்து இறங்கும், கூடத்தில் அன்றைக்குக் குடும்பமே நின்றுகொண்டிருந்தது. சொல்கிறேன் சொல்கிறேன் என்று நாற்பது எபி தள்ளியாயிற்று. கடைசி எபியில் சொல்கிறேன், சீரியல் முடிகிற அன்றைக்கு ஏழு மணிக்குள் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தது வேறு யாருமில்லை, இவளேதான். எட்டுக்குச் சீரியல் முடிந்தால் தளத்தில் அதற்கென்று இருக்கிற குழுவையும் மூடிவிடுவார்கள், அடுத்த சீரியலுக்குப் போய்விடுவார்கள். பத்தொன்பது நாளாக ஒரு வரி வரவில்லை.

போதாக்குறைக்கு அந்தப் புள்ளை மிருதுளா. திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாளாம், ரசிகர் கதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறாளாம், குழுவில் வந்து எல்லாரையும் கேட்டாள், உங்களுக்கு ஐடியா எங்கேயிருந்து வருது என்று. மழை பெய்யும்போது வரும் என்றாள் ஒருத்தி. ஆதவன் கண்ணைப் பார்த்தால் வரும் என்றாள் இன்னொருத்தி. கனவில் வருகிறதாம் ஒருத்திக்கு, அத்தியாயம் அத்தியாயமாக, தலைப்போடு. செல்வநாயகி பதில் போடவில்லை. என்னத்தைப் போடுவது? திருடுகிறேன் என்றா? வார்டன் பேசுகிற பேச்சு முழுக்க அவிநாசி வண்டிக் கண்டக்டர் பேசுவது, "உள்ள போங்க, உள்ள எடம் கெடக்குது கடலாட்டம்" என்று. சைக்கிளில் விழுந்தது பக்கத்து மேசை மெகருன்னிசா, போன வருஷம், ஸ்கூட்டியிலிருந்து. முட்டியைப் பார்த்து அழுகாமல் செருப்பைத் தேடினாளாம், அதை அப்படியே தூக்கிச் சித்திக்குக் கொடுத்தாயிற்று, முந்நூறு பேர் அழுது வைத்தார்கள். பேருந்தில் ஒரு அம்மாள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதோடு மெல்லப் பேசிக்கொண்டு வந்தாள், அது பதினேழாவது எபி. மருந்துக்கடையில் ஒருவர் மாத்திரை பேரை மறந்துவிட்டு நிறத்தைச் சொல்லிக் கேட்டார், அது இருபத்தாறு. யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் கொடுப்பார்களா, அதுவும் தெரியாது. மெகர் இதோ கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று பனியனை உதறுகிறாள், தன் முட்டி தேனியில் ஒருத்திக்குப் போய்ச் சேர்ந்தது அவளுக்குத் தெரியாது. கழுத்து, தோள், கை. ஆனால் எந்தப் பேருந்திலும் எவளும் மொட்டை மாடியிலிருந்து காணாமல் போகவில்லையே, திருடுவதற்குக்கூடச் சரக்கு இல்லையே, என்ன செய்ய.

வழி யோசிக்காமல் இல்லை. மாமரக் கிளை வழியாக இறக்கிப் பார்த்தாள், அந்த வீட்டில் மாமரமே கிடையாது என்று யாராவது நானூறாவது எபிசோடைப் படம் பிடித்துப் போடுவார்கள், குழுவில் அப்படி ரெண்டு மூன்று சி.ஐ.டி. உண்டு. பக்கத்து வீட்டு மாடிக்குத் தாண்டவைக்கலாம் என்றால் சித்திக்கு மூட்டு வலி, அது நூற்று இருபதில் சொல்லியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்துவைத்து ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு இறக்குவது, சீ, என்ன திருடியா அவள், வத்தல் காயப்போட்டவள். மறதி வந்துவிட்டது, தலையில் அடிபட்டது, இதெல்லாம் சீரியல்காரன் புத்தி. இப்படியே போனால் ஏழு மணிக்கு ஒன்றும் இருக்காது. மன்னிக்கவும் சிஸ், வேலை அதிகம், அப்புறம் போடுகிறேன் என்று நாலு வரி போடவேண்டியதுதான், அந்த நாலு வரியைத் தளத்தில் எத்தனை கதைக்குக் கீழே பார்த்திருக்கிறாள், அதற்கப்புறம் ஒன்றும் வராது, அந்தக் கதை அங்கேயே கிடக்கும். ஆதயாழ் கோஷ்டிக்காரி ஒருத்தி நேற்றே எழுதிவிட்டாள், ஊதாப்பூ சிஸ் பாதியில் விட்டுடுவாங்க பாருங்க, எனக்குத் தெரியும் என்று. எனக்குத் தெரியுமாம். பன்னிரண்டாவது பரீட்சையைப் பாதியில் விட்டவள்தான், டைப்ரைட்டிங் லோயரோடு நின்றவள்தான், வீட்டில் ஒரு ஸ்வெட்டர் ஒரு கையோடு இருக்கிறது, எல்லாம் வாஸ்தவம். ஆனால் சித்தி விஷயம் அப்படி இல்லை. சீரியல்காரன் ஒரு தடவை அவளை மாடியில் விட்டுவிட்டு வந்துவிட்டான். இவளும் விட்டால் ரெண்டாவது தடவை. அதற்கப்புறம் அந்தப் பொம்பளையை நினைத்துப் பார்க்க உலகத்தில் ஒரு ஆள் கிடையாது. கையிலிருந்த பனியனை எந்தப் பக்கம் போட்டோம் என்று ஒரு கணம் தெரியவில்லை.

சூப்பர்வைசர் ஞானவேல் வந்து பக்கத்தில் நின்றதையும் கவனிக்கவில்லை. நல்ல பையன், சத்தம் போடமாட்டான், அதுதான் சங்கடம். ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்து, "ஏனுங்கக்கா, இது உங்க டேபிள்ல பாஸானதுங்களா? விரல் போற ஓட்டைங்க" என்றான். அக்குளுக்குக் கீழே, பளிச்சென்று. பத்து வருஷத்தில் இப்படி ஒன்று அவள் கையைத் தாண்டியதில்லை. சாயங்காலத்துக்குள் ஆயிரத்து இருநூறு பீஸ் போகவேண்டும், கொஞ்சம் பார்த்து என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். செல்வநாயகி ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினாள், முனை ஓட்டையைக் காட்டுகிறமாதிரி. ஓட்டை எப்படித் தப்பியது? கழுத்தைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன், கண் திறந்துதான் இருந்தது. கண்ணுக்கு முன்னாலேயே போயிருக்கிறது. வெட்கம் பிடுங்கியது. சீரியலில் ஒரு நடிகர் விலகினால்கூட அடுத்த நாள் திரையில் கீழே ‘இவருக்குப் பதில் இவர்’ என்று போட்டு ஒரு புது முகத்தைக் காட்டுவார்கள். மாமனார் மூன்று முகம் மாறிவிட்டார், யாழினியின் தங்கை உயரமே அரையடி கூடிவிட்டது, எல்லாருக்கும் அந்த மரியாதை நடந்தது. சித்திக்கு அதுவும் இல்லை. அவளுக்குப் பதில் யாரும் வேண்டியிருக்கவில்லை. அந்த நடிகைக்குச் சம்பளத் தகராறு என்றார்கள், கல்யாணம் என்றார்கள், யார் கண்டது. இருந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னாலேயே.

கண்ணுக்கு முன்னாலேயே. அடுத்த பனியனை எடுத்தவள் விரிக்காமல் அப்படியே நின்றாள். இருநூற்றுப் பதின்மூன்றைத் திரும்ப ஓட்டு. ஐம்பது தடவை பார்த்த எபிசோடு, படிக்கட்டைத்தான் பார்த்தாள், ஐம்பது தடவையும். கூடத்தைப் பார்த்தாளா? கூடத்தில் என்ன நடந்தது? சித்தி ஏறிப் போகிறாள். வக்கீல் வருகிறார். உயிலைப் படிக்கிறார். சொத்தெல்லாம் யாழினி பேருக்கு என்கிறார். டொய்ங் என்று ஒரு சத்தம், மாமியார் முகம். டொய்ங், மாமனார் முகம். மூத்த மகன், மூத்த மருமகள், ஆதவன், யாழினி, வக்கீல், வாசலில் பால்காரன், ஒவ்வொரு முகமாக மூன்று சுற்று, முதல் சுற்று சாதாரணமாக, ரெண்டாவது சிவப்பாக, மூன்றாவது கறுப்பு வெள்ளையில், இடியோடு. ஒரு வார்த்தை பேசவில்லை, ஒருவர் திரும்பவில்லை, எல்லாரும் கண்ணை உருட்டிக்கொண்டு சிலையாக நிற்கிறார்கள். குழுவில் ஒரு தடவை கடிகாரம் வைத்து அளந்து கேலி செய்திருந்தார்கள், ஒன்றே முக்கால் நிமிஷம். ஒன்றே முக்கால் நிமிஷம்! கேமரா முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, முகத்துக்கு ஓரடி பின்னால் யானை போனாலும் தெரியாது. மூட்டு வலியோடு மெதுவாக இறங்கினாலும் பதினெட்டுப் படி முக்கால் நிமிஷம். அட கோமளா, நீ மரம் ஏறவில்லை, தொட்டியில் ஒளியவில்லை, வத்தல் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ராஜாத்தி மாதிரி படி வழியாகவே இறங்கி, அவர்கள் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, முதலில் சமையல்கட்டுக்குத்தான் திரும்பியிருப்பாய், அப்புறம் ஒரு யோசனை வந்து வாசல் பக்கம் திரும்பியிருப்பாய். சி.ஐ.டி. கோஷ்டி ஒன்றும் சொல்லமுடியாது. பார்க்கட்டும், ஓட்டிப் பார்க்கட்டும், அவள் போகவில்லை என்று எந்தக் காட்சியை வைத்து நிரூபிப்பார்கள்? செல்வநாயகி கையிலிருந்த பனியனை மேசையில் விரித்தாள். இத்தனை பேர் நடுவில் ஒரு பொம்பளை எப்படி நடந்து போவாள், அதை எழுதவேண்டுமே, காலை எப்படி வைப்பாள், ஏதாவது சொல்வாளா, என்ன சொல்வாள் என்று கேட்டுக்கொண்டபோது, கொஞ்சம் காலை எடுங்க என்று யாரோ சொன்னது கேட்டது. சொன்னது யார் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் இன்னொரு பனியனை அவசரமாக எடுத்துக்கொண்டாள்.

வேண்டாம், அதுக்குள்ளே போகவேண்டாம். கழுத்து, தோள். பல்லடத்தில், மாமியார் வீட்டுக் கூடத்தில், கொழுந்தனார் கல்யாணத்துக்கு முந்நூறு இலையா ஐநூறு இலையா என்று பதினாறு பேர் உட்கார்ந்து சண்டை. கையை விடு, வெளிச்சத்தில் பிடி. பதினோரு வருஷம் ஆச்சு. அவளை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை, சும்மா சொல்லக்கூடாது, சோறு தண்ணிக்குக் குறையில்லை. ஆறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இங்க பாரு. ஏ புள்ள. அதுகிட்டக் கொடு. செல்வநாயகி என்று ஒருத்தி இருப்பது ரேஷன் அட்டைக்கு மட்டும் தெரிந்திருந்தது. அன்றைக்குப் பதினேழு டம்ளர் டீ போட்டுக் கொண்டுவந்தாள், பதினாறு பேர் பதினேழையும் எடுத்துக்கொண்டார்கள், யாரோ ரெண்டு குடித்தார்கள், எல்லாத்துக்கும் வந்துருச்சா என்று மாமியார் கேட்க, வந்துருச்சு என்றது முழு கூடமும். அவள் உள்ளே போய் ரெண்டு சேலையைத் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நடுக்கூடத்தில் சின்ன மாமனார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் காலை எடுங்க என்றாள். எடுத்தார். அண்ணாந்துகூடப் பார்க்காமல் காலை மடக்கினார், அவள் தாண்டினதும் மறுபடி நீட்டிக்கொண்டார். நல்லசாமி, தாலி கட்டின புருஷன், ரெண்டடி தள்ளித்தான் இருந்தார், ஐநூறு இலைக் கட்சி, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றிருந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள், பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த உட்கார்ந்த சுகம் இன்றைக்கும் இடுப்பில் இருக்கிறது. கண்டக்டர் வந்தார். எங்கம்மா போகணும் என்றார். வாய் திறந்தது, பேர் வரவில்லை. ஒரு ஊர்ப் பேர், ஒன்றே ஒன்று, எதுவானாலும் சரி. வரவில்லை. பின்னால் ஆள் நிக்குது சொல்லும்மா என்றார். இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது டம்ளரெல்லாம் தரையில் அப்படியே கிடந்தது, முந்நூற்று ஐம்பது இலை என்று முடிவாகியிருந்தது. டம்ளரைப் பொறுக்கிக் கழுவிவைத்தாள். எங்கே போனாய் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை, அவளும் சொன்னதில்லை, தனிக்குடித்தனம் வந்தபிறகும், நல்லசாமி அவரறிந்த அளவுக்கு நல்ல மனுஷனாக மாறிவிட்ட பிறகும். திரும்பி வந்ததுதான் பெரிய அவமானம் என்று அதை எங்கேயோ அடியில் போட்டு மூடிவைத்திருந்தாள். அந்த வண்டியின் பலகையில் என்ன எழுதியிருந்தது? தேனி. அம்மா, தேனி. சித்தி ஏன் தேனிக்குப் போனாள் சிஸ் என்று கேட்டார்களே, பேர் நல்லாயிருக்குது அதுதான் என்று பதில் போட்டாளே. ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வாயிலிருந்தும் முட்டியிலிருந்தும் திருடினதாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாளே, முதல் செங்கல்லே தன் வீட்டில் எடுத்ததுதானா? சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது, அது பாட்டுக்கு வரட்டும் என்று விட்டாள்.

மணி மூன்றே முக்கால். கைப்பேசி வாசல் காவலாளியிடம் பெட்டியில் கிடக்கிறது, ஆறு மணிக்குத்தான் தருவார்கள், அதுவரை இதை எங்கே வைப்பது, மறந்துபோனால்? மறக்காது. எது மறந்தாலும் இது மறக்காது, பதினோரு வருஷம் மறக்காததா இன்னும் ரெண்டே கால் மணி நேரத்தில் மறக்கப்போகிறது. கை பனியனைப் புரட்ட, சித்தி கூடத்தில் நடந்தாள். டொய்ங், மாமியார் கண்ணை உருட்டுகிறாள், சித்தி அவள் பின்னால் போகிறாள். டொய்ங், வக்கீல். கொஞ்சம் காலை எடுங்க என்கிறாள் சித்தி, மாமனார் கண்ணை உருட்டிக்கொண்டே காலை எடுக்கிறார், நான் பார்த்தேனே, அப்படித்தான் எடுப்பார்கள். வத்தல் முறத்தை வாசல் பால்காரன் கையில் கொடுத்துவிட்டாள், அவனும் வாங்கிக்கொண்டான், வாங்கினதே அவனுக்குத் தெரியாது. தெரு. வெயில். செருப்பில்லை, பரவாயில்லை. சீரியல் வீடு காரைக்குடியில்தானே, காரைக்குடி பஸ் ஸ்டாண்டு. ஜன்னலோரம். வண்டி உறுமுகிறது. கண்டக்டர் வருகிறார், பை குலுங்குகிறது, எங்கம்மா போகணும் என்கிறார், கேட்டுவிட்டார், பின்னால் ஆள் நிற்கிறது, வாயைத் திற கோமளா, இப்போது விட்டால் எப்போதுமில்லை, உனக்கு ஊர் இருக்கிறது, நாற்பது எபியாக நீ அங்கேதான் இருக்கிறாய், நூற்றுப்பத்துப் பிள்ளை சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறது, சொல்லு.

"தேனி ஒண்ணு."

அது மனசுக்குள் சொன்னதில்லை. கூடம் முழுக்கக் கேட்கிறமாதிரி, பேருந்தின் கடைசி இருக்கைக்கும் கேட்கிற குரலில், கையில் பிடித்த பனியனோடு, செல்வநாயகி வாயாலேயே சொல்லிவிட்டாள். நாற்பது தலை நிமிர்ந்தது. உதறின பனியன் உதறினபடி நின்றது. அந்தக் கோடியில் பேக்கிங் செய்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், மெகருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள், ஞானவேல் பேனாவோடு ஓடி வந்தான். எந்த வீட்டுக் கூடத்திலும் அவளை இத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்தது கிடையாது. தலை குனியவேண்டும் என்று தோன்றும் என்று ஒரு கணம் காத்திருந்தாள், தோன்றவில்லை.

"என்னாச்சுங்கக்கா?" என்றான் ஞானவேல்.

"கதை முடிஞ்சிருச்சுங்க" என்றாள் செல்வநாயகி. "நான்தான் எழுதினேன்."